ஆஸ்பத்திரி வாசலில் அறுந்து போகிற வைத்தியம்

“முதுகை அசைக்காமப் பாத்துக்கிட்டேன் அண்ணா. காயிதத்துல அப்படித்தானே போட்டிருக்கு?”

பொத்தேரியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கூரை வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு பெண் தொழிலாளி நம்மிடம் கேட்ட கேள்வி இது. அன்று நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

அவருடைய கணவர் சென்டரிங் வேலைக்காரர். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் முளைத்துக்கொண்டே போகும் அடுக்குமாடிகளில் ஒன்றில், சாரம் சரிந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை, இரண்டு கால்களும் அசையவில்லை. மேஸ்திரி கூட்டிப் போன வேலை, ஈ.எஸ்.ஐ. அட்டை என்பதை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. பொத்தேரியில் அல்ல, வேறோர் இடத்தில் பெரிய ஆஸ்பத்திரியொன்றில் சேர்த்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். நாம் சொல்லப்போவது ஓர் ஆஸ்பத்திரியின் குற்றமல்ல. எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. தகடு வைத்து எலும்பை நிறுத்தினார்கள். ஆறு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்த டாக்டர்களுக்கு நாம் நேரிலே நன்றி சொன்னோம், இன்றும் சொல்லுகிறோம். பத்தொன்பதாம் நாள் “வீட்டுக்கு அழைத்துப் போகலாம்” என்றார்கள். அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும். பில் கவுண்டர், மருந்துக் கவுண்டர், பாஸ் திருப்பிக் கொடுக்கிற கவுண்டர் என்று மூன்று மணி நேரம் அலைந்தோம். முடிவில் ஒரு பைல் கைக்கு வந்தது. அதில் ஆறு பக்கம் ஆங்கிலம். ஐந்தரைப் பக்கம் என்ன செய்தார்கள் என்பது. கடைசி அரைப் பக்கத்தில், மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே நான்கு வரி: பேக் கேர், பிளாடர் கேர், பிசியோதெரபி, இரண்டு வாரம் கழித்து ரெவ்யூ.

அந்தப் பெண் பைலைப் பக்கத்து வீட்டு மாணவியிடம் காட்டியிருக்கிறார். “பேக் கேர் என்றால் முதுகைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆப்பரேஷன் செய்த முதுகு; தகடு வைத்த முதுகு; அதைக் கவனமாகப் பார்ப்பது என்றால் என்ன? அசைக்காமல் வைத்திருப்பது! மூன்று வாரம், இரவும் பகலும், புருஷனை மல்லாக்கப் படுக்க வைத்து ஓர் அங்குலம் அசையாமல் அந்த அம்மாள் காவல் காத்திருக்கிறார். கொசு கடித்தால் விசிறி, வியர்த்தால் ஈரத்துணி, புரண்டு விடாதபடி இரண்டு பக்கமும் தலையணை. நான்காவது வாரம் வீட்டில் துர்நாற்றம். துணியை விலக்கிப் பார்த்தபோது இடுப்பின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தில், உள்ளங்கையளவு சதை அழுகிக் கறுத்திருந்தது.

உடம்பு அசையாத நோயாளிக்கு ‘பேக் கேர்’ என்று ஆஸ்பத்திரியில் எழுதினால் அதன் பொருள் இதற்கு நேர் எதிரானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று பொருள்!

தோழர்களே, இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறோம். உங்களில் பலருக்கு நாளை தேவைப்படலாம். நாம் தூங்கும்போதுகூட உடம்பு தானாகப் புரண்டு படுக்கிறது. ஓரிடத்தில் அழுத்தம் அதிகமானால் வலிக்கிறது, உடனே திரும்புகிறோம். தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த வலி தெரியாது. எலும்புக்கும் பாய்க்கும் நடுவே தோல் நசுங்கும், ரத்தம் ஓடாது, சில மணி நேரத்தில் சதை சாகத் தொடங்கும். முதலில் ஒரு சிவப்பு மட்டும் தெரியும். விரலால் அழுத்தினால் அது வெளுக்காது. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால் செலவு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்தால் போதும். தவறவிட்டால் மாதக்கணக்கில் புண். சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. புட்டம், இடுப்பின் இரு பக்க எலும்பு, குதிகால், கணுக்கால் – இந்த இடங்களைத் தினமும் இரண்டு தடவை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துணி ஈரமில்லாமல், சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு டாக்டர் பட்டம் வேண்டுமா?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமுமல்ல. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற டாக்டர், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்கென்று ஒரு வார்டு தொடங்கினார். அதற்கு முன் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துப்போனார்கள். “எப்படியும் சாகப் போகிறவர்கள்” என்று மற்ற டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். குட்மன் பெரிய இயந்திரம் எதையும் கொண்டு வரவில்லை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டு என்றார். அதை விடாமல் நடத்தினார். பிழைத்தார்கள். வேலைக்குப் போனார்கள். பந்தயங்களில்கூடக் கலந்துகொண்டார்கள். எண்பது வருஷத்துக்கு முந்திய இந்த அறிவு பொத்தேரித் தகரக் கூரைக்கு வந்து சேரவில்லை. வந்ததெல்லாம் இரண்டு ஆங்கிலச் சொற்கள்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று பைலை முதலில் கையில் வாங்கியவர் அந்த அம்மாள் அல்ல, நாம்தான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த நமக்கு ஆங்கில எழுத்து தெரியும். ‘பேக் கேர்’ என்பதை வாசித்தோம். புரிந்த மாதிரி மடித்து வைத்தோம். அன்று நம் மனசெல்லாம் நஷ்ட ஈட்டின் மேல் இருந்தது. காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் எத்தனை பேர் நிற்பது, லேபர் ஆபீசில் மனு எப்போது கொடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அது தேவையான வேலைதான். ஆனால் “இவரை வீட்டில் வைத்து நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்ற ஒரு கேள்வியை வார்டு நர்சிடம் கேட்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் நமக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாளின் கேள்விக்கு முன்னால் தலைகுனிந்து நின்றதன் காரணம் இதுதான்.

முதுகுத்தண்டு மட்டுமா? இல்லை. வேறு இடங்களிலும் இதே கதையைத்தான் பார்க்கிறோம். குடும்பத்தாரின் பாசமே எதிராக வேலை செய்கிறது.

மெஷினில் சிக்கியோ, சர்க்கரை வியாதியாலோ முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவரைப் பாருங்கள். வெட்டுப்பட்ட காலுக்கு அடியில் தாயோ மனைவியோ ஒரு தலையணை வைப்பார்கள். வலிக்காமல் இருக்கட்டும் என்ற அன்பு. முழங்கால் மடங்கியே கிடக்கும். கொஞ்ச நாளில் அந்த மடிப்பிலேயே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் கொடுத்தால் பொருந்தாது. காலை நீட்டியே வைக்க வேண்டும், தலையணை கூடாது என்று வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒருவர் சொல்லியிருந்தால் அந்த மனிதர் நடந்திருப்பார்.

பக்கவாதம் வந்தவருக்கு என்ன நடக்கிறது? எழுப்பி உட்கார வைக்கும்போது விளங்காத கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தோள் மூட்டு நழுவுகிறது. அந்த வலி வருஷக்கணக்கில் நிற்கிறது. படுத்த வாக்கிலேயே கஞ்சி ஊற்றுகிறார்கள்; அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இருமினால் நிறுத்த வேண்டும். விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே பரீட்சித்துச் சொல்ல வேண்டும். இழந்த பலம் வேகமாகத் திரும்புவது முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்களில்தான் நம் ஜனங்கள் “கொஞ்சம் தெம்பு வரட்டும், பிறகு பயிற்சி பார்க்கலாம்” என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பணம் உள்ளவன் வீட்டில் இந்த விபத்து நேர்வதில்லை. அவன் டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் கூடவே வருகிறார், பிசியோதெரபிஸ்ட் தினமும் வீட்டுக்கு வருகிறார், ஏற்றி இறக்கும் கட்டில் வாடகைக்கு வருகிறது. டாக்டரின் போன் நம்பரும் இருக்கிறது. பைலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்க்க வேண்டிய அவசியமேயில்லை. தொழிலாளிக்கு அந்தத் தாள் ஒன்றுதான் நர்ஸ், அதுதான் டாக்டர். அந்தத் தாளையாவது அவன் பாஷையில், அவனுக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்க வேண்டாமா?

மில் தொழிலாளிக்கு நாம் சொல்லுவது சட்டென்று புரியும். ஷிப்டு மாறும்போது என்ன செய்கிறீர்கள்? வந்தவனிடம் சொல்லாமல் போவீர்களா? இந்தப் பக்கம் இழை அடிக்கடி அறுகிறது, அந்த மோட்டார் சூடேறுகிறது, பிட்டர் வந்து பார்த்தான், மறுபடி வருவதாகச் சொன்னான் – இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவீர்கள். முறைத் தண்ணீர் பாய்ச்சுகிற விவசாயத் தொழிலாளியும் எந்த வயலுக்குப் பாய்ந்தது, எந்த மடை திறந்திருக்கிறது என்று அடுத்தவனுக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் அப்படித்தான். இரவு நர்ஸ் பகல் நர்சிடம் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறார். ஆனால் ஆஸ்பத்திரி தன் ஷிப்டை முடித்துக்கொண்டு, அடுத்த ஷிப்டை ஒரு கூலிப் பெண்ணின் கையில் கொடுக்கிறதே, அங்கே மட்டும் ஒப்படைப்பு கிடையாது. அந்த ஷிப்டோ எட்டு மணி நேரத்தில் முடிவதல்ல.

டாக்டர்களையும் நர்சுகளையும் ஏசுவது நம் நோக்கமில்லை. அவர்களும் வேலைப் பளுவில் நசுங்குகிறவர்கள்தாம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியிலும் நோயாளி படுத்திருக்கிறார். ஒப்பந்த நர்சுகள் வேலை நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் பைலை எழுதுவது பெரும்பாலும் இரவெல்லாம் விழித்த ஓர் இளம் டாக்டர். அவர் அதை அடுத்த டாக்டர் படிப்பதற்காக எழுதுகிறார், அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நோயாளியின் மனைவி படிப்பதற்காக எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை, அதற்கென்று நேரமும் ஒதுக்கவில்லை. உத்தரவு போட வேண்டியது யார்? நேரத்தையும் ஆளையும் ஒதுக்க வேண்டியது யார்? சர்க்காரும் ஆஸ்பத்திரி நிர்வாகங்களும்தான்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் மேல்மருவத்தூர். அங்கேதான் 2021 டிசம்பர் 18-ம் தேதி ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கினார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். லாரிகளும் கார்களும் இரவு பகலாகப் பறக்கும் இந்த ரோட்டில் எத்தனையோ உயிர் அதனால் பிழைத்திருக்கும். அதற்குச் சில மாதம் முன்னால், 2021 ஆகஸ்டு 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே திட்டத்தில் படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது.

ஆக, ஒரு முனையில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மறு முனையில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். நடுவில் செய்தி போகவில்லை! நாம் பார்த்த வரையில் நடப்பது இதுதான்: மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிற தன்னார்வப் பெண், உள்ளே எட்டிப் பார்த்து “இது யாரு, எத்தனை நாளாப் படுத்திருக்காரு?” என்று கேட்டால்தான் விஷயம் வெளியே தெரிகிறது. மாமியாருக்குப் பிரஷர் இல்லாத வீட்டில் தெரிவதேயில்லை. மேலும், ஓர் ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது இத்திட்டத்தில் போட்ட கணக்கு. காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தின் நீள அகலம் தெரிந்தவர்கள், ஒருவர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். கே.கே. நகரில் சர்க்காரின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, நல்ல இடம். ஆனால் கால் விளங்காத ஒருவரைத் தூக்கி மின்சார ரயிலில் ஏற்றி, இறக்கி, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டுபோய்க் காட்டிவிட்டு வர இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போகிறது. அங்கே எப்போது போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லியிருந்தால் அந்தக் கூலியைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

“இந்தச் செய்தித் தொடர்பெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது” என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லலாம். ஒத்து வரும் என்பதற்கு நம் தாம்பரமும் சென்னையுமே சாட்சி.

கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு நம்பர் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். பிரசவம் எங்கே நடந்தாலும் கிராம நர்சுக்குத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கிறார். காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தால் தனியார் டாக்டர்கூட சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012-லிருந்து உத்தரவு இருக்கிறது. நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள சுகாதார ஊழியருக்குத் தகவல் போகிறது. தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷனுக்கே பெயர் வரக் காரணமான ஆஸ்பத்திரி, 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரிதான். அந்தக் காலத்தில் காசநோய்க்காரனை வருஷக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருந்தால்தான் பிழைப்பான் என்பது உலகமெங்கும் டாக்டர்களின் அபிப்பிராயம். கட்டிலோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மறு பிரிவு தத்தம் வீட்டில். நெருக்கடியான இடம், அரை வயிற்றுக் கஞ்சி, சிலருக்கு வேலையும்கூட. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள்! குடும்பத்தாருக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாவதற்குச் சென்னையின் இந்த முடிவு ஒரு பெரிய காரணம். ஏன் இது வெற்றி பெற்றது? மருந்தைக் கையில் திணித்து “போய் வா” என்று அனுப்பியிருந்தால் பெற்றிருக்குமா? சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள். குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசினார்கள். ஆஸ்பத்திரியின் கை வீடு வரை நீண்டிருந்தது. காசநோய்க்கு முடிந்தது முதுகுத்தண்டுக்கும் பக்கவாதத்துக்கும் ஏன் முடியாது? தொற்றுநோய் என்றால் பணக்காரனுக்கும் பயம்; பக்கத்து வீட்டுக்குப் பரவும். உடைந்த முதுகு யாருக்கும் பரவாது. சர்க்காரின் சுறுசுறுப்பில் இருக்கிற வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று நமக்குச் சந்தேகம்.

வேலூரில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பி, 1966-ல் வேலூரில் உள்நோயாளிகளுக்கென்று ஒரு மறுவாழ்வு நிலையத்தை நிறுவினார். தானே அடிபட்டவர் என்பதால், ஆப்பரேஷன் முடிந்த பிறகுதான் நோயாளியின் வாழ்க்கை ஆரம்பிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரை நேரத்துக்கு எடுப்பது, வீட்டு வாசற்படியை என்ன செய்வது – இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு வீட்டுக்குப் போவது என்பதே மறுவாழ்வு வைத்தியம். இப்படிப்பட்ட இடங்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன.

இங்கிலாந்தில் பெரிய விபத்து ஆஸ்பத்திரிகளில் மருந்துச் சீட்டு போலவே மறுவாழ்வுச் சீட்டு என்று ஒன்றை எழுதுகிறார்கள். இவருக்கு என்ன குறை, என்ன பயிற்சி வேண்டும், யார் கொடுக்க வேண்டும், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஒரு பிரதி நோயாளிக்கு, ஒரு பிரதி அவருடைய வட்டார டாக்டருக்கு. 2022 ஜனவரியில் அந்த நாட்டு மருத்துவ வழிகாட்டி நிறுவனம் இதை விரிவான நெறிமுறையாகவே வெளியிட்டது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நாம் நம்பவில்லை. ஆனால் எழுத வேண்டும் என்ற கட்டாயமாவது இருக்கிறது. 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையும் மறுவாழ்வுச் சேவையைப் பலப்படுத்த வேண்டுமென்று தீர்மானம் போட்டது. உலகில் மூன்றில் ஒருவர் இச்சேவையால் பயன்பெறக்கூடிய உடல்நிலையோடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

நம் நாட்டிலும் காகிதத்தில் குறைவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில், நோயாளிக்குத் தெரிந்த பாஷையில், அவர் புரிந்துகொள்ளும்படி விளக்க வேண்டும் என்று இருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் மறுவாழ்வு பற்றித் தனிப் பிரிவு இருக்கிறது. அதே சட்டம், வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவரைச் சர்க்கார் நிறுவனம் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. சர்க்கார் நிறுவனம் மட்டுமே! மில் முதலாளிக்கு அந்த வரி பொருந்தாது.

முதலாளி என்றதும் இன்னொன்று. தொழிலாளி வேலைக்குத் திரும்பும்போது ஆஸ்பத்திரி ஒரு வரி எழுதிக் கொடுக்கிறது: ‘பணிக்குத் தகுதியுள்ளவர்.’ எந்தப் பணிக்கு? எத்தனை கிலோ தூக்கலாம்? எட்டு மணி நேரம் நிற்கலாமா? குனியலாமா? ஒன்றும் கிடையாது. கை உடைந்து ஒட்டியவன் அதே பேல் கட்டைத் தூக்குகிறான்; மறுபடி உடைகிறது. “தகுதி என்று சர்டிபிகேட் இருக்கிறதே” என்று மானேஜர் கையை விரிக்கிறார். வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை தொண்ணூறு சதவிகிதச் சம்பளம் கொடுக்கும் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில்கூட, எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று தெளிவாக எழுதிய தாள் கையில் இல்லாத தொழிலாளி வாய்ச்சண்டை போடத்தான் முடியும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய கட்டடமல்ல. தமிழில் ஒரு தாள் வேண்டும், பெரிய எழுத்தில். டிஸ்சார்ஜ் நாளின் அமளியில் அல்லாமல், நோயாளி கண் விழித்த நாளிலிருந்தே அதை எழுதத் தொடங்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் – பெரும்பாலும் மனைவியோ தாயோ மகளோ – நர்சின் கண் முன்னால் தன் கையாலேயே புரட்டிப் பார்த்து, குழாயைச் சுத்தம் செய்து பார்த்து, “இப்படித்தானே?” என்று திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். அன்றைக்கே அந்தத் தாளின் நகல் அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். எந்தத் தேதியில் வீட்டுக்கு ஆள் வருவார் என்பது போகும்போதே தெரிந்திருக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியானாலும், காப்பீட்டில் சிகிச்சை நடந்தாலும் இதே விதிதான். இதை மாவட்ட ஆட்சியரிடம் மகஜராகக் கொடுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் போதாது என்பதும் அதில் இருக்கிறது.

“படிக்காத ஜனங்களுக்கு இதையெல்லாம் சொன்னால் விளங்குமா?” என்று ஒருவர் நம்மிடம் கேட்டார், நல்ல மனிதர்தான். ஓடுகிற பிரேமில் மயிரிழை நூலைப் பிடித்து முடிகிற பெண்ணுக்கு விளங்காதா? நாற்றின் நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்லுகிற கிழவிக்கு விளங்காதா? அந்தப் பொத்தேரி அம்மாளே பதில். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்த இடத்தில் ஒரு நர்ஸ் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவைதான். பிறகு ஒருநாள் தவறவில்லை. இரவில் செல்போனில் இரண்டு மணிக்கொரு தடவை மணி அடிக்கும்படி மகள் வைத்துக் கொடுத்தாள். புண் ஆற ஏழு மாதமாயிற்று. ஏழு மாதமும் அந்த அம்மாளுக்குக் கூலி இல்லை. இப்போது கணவர் சக்கர நாற்காலியில் உட்காருகிறார். வாசலில் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

சென்ற மாதம் இன்னொரு தோழர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து டிஸ்சார்ஜ் ஆனார். இந்தத் தடவை நாம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மாளையும் கூட்டிப் போனோம். நர்ஸ் முதலில் சலித்துக்கொண்டார். வேறு நாலு நோயாளிகள் காத்திருந்தார்கள், அவர்மேல் குறையில்லை. பிறகு உட்கார்ந்து தமிழில் பதினொரு வரி எழுதிக் கொடுத்தார். எப்போது உட்காரலாம், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம், எத்தனை நாள் கழித்து காலை ஊன்றலாம், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாள் அதை ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மல்லாக்க எத்தனை நேரம் படுக்கலாம்னு எழுதலையேம்மா” என்றார். நர்ஸ் தாளைத் திருப்பி வாங்கிப் பன்னிரண்டாவது வரியை எழுதினார்.